ஆணி அடித்த உயரம்

மரம் அறுப்பதில் அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, ஒரே ஒரு கொள்கைதான் உண்டு. மரம்தான் மில்லைத் தேடி வர வேண்டும், மில் மரத்தைத் தேடிப் போகக் கூடாது. கள்ளக்குறிச்சியில் இருந்த எங்கள் மரவாடியில், தரையைத் தோண்டி சிமெண்டு போட்டு நிறுத்திய பெரிய ரம்பம் ஒன்று இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது நின்ற இடத்தை விட்டு அசைந்ததில்லை. அத்தாவும் அப்படித்தான். அவருடைய தம்பி, அதாவது என் சின்னத்தா, ஒரு இடத்தில் பத்து நிமிஷம் உட்கார மாட்டார். அவர் வாங்கி வந்த மில்லும் அவரைப் போலவே ஊர் சுற்றுகிற மில்லாக இருந்தது.

சேலத்தில் யாரோ ஓட்டிப் பார்த்து அலுத்துப் போட்டது அது. இரண்டு சக்கரங்கள், அவற்றின் மேல் பெல்ட் மாதிரி சுற்றி ஓடும் பல் வைத்த இரும்புப் பட்டை, அவ்வளவுதான். அந்தப் பட்டையைத்தான் பிளேடு என்பார்கள். தரையில் கிடக்கும் கட்டைக்கு இரண்டு பக்கமும் தண்டவாளம் போட்டு, மில்லை அதன்மேல் தள்ளிக்கொண்டே போனால் பலகை பலகையாக உரித்துக் கொடுக்கும். ஒல்லியான தைலமரத்துக்காகச் செய்த மில் போலிருக்கிறது. நம் பக்கத்துப் பலாவையும் புளியையும் பார்த்ததும் அதற்கு மூச்சு முட்டியது. முதல் கட்டையிலேயே பிளேடு சக்கரத்தை விட்டு வழுக்கிக் கீழே விழுந்தது. அத்தா அன்றைக்கு ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார்.

சின்னத்தா விடுவாரா? லாரி சட்டத்தை வெட்டி வைத்து மில்லின் கால்களை உயர்த்தினார். பழைய இரும்புச் சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, டயரோடு இரண்டு ஜீப் சக்கரங்களை மாட்டினார். ரப்பரின் மேல் ஓடினால் பிளேடு வழுக்காதாம். கிணற்று மோட்டார் கொட்டகையிலிருந்து டீசல் இன்ஜின் வந்தது. பிளேடை இழுத்துக் கட்ட லாரி ஜாக்கி வந்தது. புளியமரத்தின் பிசின் பிளேடில் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று, அம்மாவுக்குக் காய்ச்சலில் ஏற்றிய குளுக்கோஸ் பாட்டிலை டியூபோடு எடுத்துப் போய் மில்லின் தலையில் தொங்கவிட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. பாய் மில்லுக்கு உடம்பு சரியில்லை, குளுக்கோஸ் ஏற்றுகிறார் என்று டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள். அம்மாவோ அந்தப் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்க நினைத்திருந்தார்களாம். அதற்காக இரண்டு நாள் சின்னத்தாவுக்குத் தேங்காய்ச் சட்னி கிடைக்கவில்லை.

அத்தா ஒரு கெடு வைத்தார். சின்னத்தாவின் பாஸ்போர்ட் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சவுதியில் சொந்தக்காரர் ஒருவர் வேலை பார்த்து வைத்திருந்தார்.

“மழைக்குள்ள இது ஒரு மரத்தையாவது உருப்படியா அறுக்கட்டும். இல்லன்னா எடைக்குப் போட்டுட்டு நீ ப்ளேன் ஏறு.”

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் என்னோடு விளையாடிய ஒரே பெரியவர் சின்னத்தாதான். அவர் போய்விட்டால் என் கதி என்ன? தொழுகை முடிந்ததும் எல்லோரும் என்னென்னவோ துஆ கேட்பார்கள். நான், யா அல்லா, இந்த மில் ஓட வேண்டும் என்று கேட்டேன். பிளேடு அறுந்துவிடக் கூடாது என்றும் சேர்த்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷங்கள் அவை. பஸ் ஓடவில்லை, பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது, சாலை நெடுக மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். மறியல் முடிந்ததும் ஆட்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். மரம் எங்கே எழுந்து போவது? ஓரமாகப் புரட்டிப் போட்டு, கிடந்த இடத்திலேயே ஏலம் விட்டார்கள். கிளைகளை விறகுக்காரர்கள் கொண்டுபோய்விட, நைனார்பாளையம் பக்கம் ஒரு புளியமரத்தின் அடிமரம் மட்டும் யாரும் சீந்தாமல் கிடந்தது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத மரம். லாரியில் ஏற்ற வழியில்லை. சின்னத்தா அதை ஏலத்தில் எடுத்துவிட்டார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஓடைக்கு நடைபாலம் போட மலைக்காரர்கள் கனத்த பலகை தேடிக்கொண்டிருந்தார்கள். மழைக் காலத்தில் ஓடை பெருகினால் அக்கரைப் பிள்ளைகள் இக்கரைக்கு வர முடியாது. அதற்குப் புளியைவிட உரமான மரம் எது?

டிராக்டருக்குப் பின்னால் மில்லைக் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினோம். நான் அழுது அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். எங்கள் மரவாடியில் வேலை செய்த ஒரு தம்பதியும் வந்தார்கள். புருஷன் மரம் வெட்டுவதில் கெட்டிக்காரர், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். பெண்டாட்டி பலகை அடுக்குகிறவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த அக்காவும் அதிகம் பேசாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்குப் பேசுவதை நான் பல் விளக்கும் நேரத்தில் பேசி முடித்துவிடுவேன். கடப்பாரை போட்டு மரத்தைப் புரட்டுவதற்கு அந்த ஊரிலேயே இரண்டு ஆட்களைப் பிடித்துக்கொண்டோம்.

கையில் இருந்தது மூன்று பிளேடு. முதல் பிளேடு முதல் அறுப்பிலேயே போயிற்று. மரத்தில் எந்தக் காலத்திலோ அடித்த தகரப் பலகையின் ஆணி, பட்டையை வளரவிட்டு உள்ளே ஒளிந்திருந்தது. சாலையோர மரம் என்றால் சும்மாவா? விளம்பரம், கொடி, போஸ்டர், பஸ் நிற்குமிடம் என்று எல்லாரும் வந்து ஆளுக்கொரு ஆணி அடித்திருந்தார்கள்.

சின்னத்தா மைக்செட் கடைக்குப் போய், கெட்டுப்போன ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி வந்து கயிற்றில் கட்டி என் கையில் கொடுத்தார். “இன்ஜினியரம்மா, ஒரு விரக்கட எடம் வுடாம தடவிப் பாரு. ஆணி இருந்தா அதுவே இழுக்கும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கும் மறுநாளும் அந்த மரத்தை இன்ச் இன்சாகத் தடவினேன். டக்கென்று காந்தம் ஒட்டும், நான் கத்துவேன், அக்காவின் புருஷன் வந்து குறடால் பிடுங்குவார். மரத்தைப் புரட்டச் சொல்லி அடிப்பக்கத்தையும் தடவினேன். கைநிறைய ஆணி சேர்ந்தது. அக்கா மட்டும் மரத்தின் பக்கமே வரவில்லை. தள்ளிப் போய் பலகை அடுக்கக் கல் சமப்படுத்திக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் மரத்தின்மேல் உட்கார்ந்தபோதுகூட அது தூரத்தில் வெறுந்தரையில்தான் உட்கார்ந்தது.

ஒரே ஒரு இடத்தில் காந்தம் லேசாகத் தயங்கியது போல இருந்தது. இழுத்ததா, என் கைதான் ஆடியதா என்று தெரியவில்லை. சந்தேகமாக இருக்கிறது என்று சொன்னால் இன்ஜினியர் பட்டம் போய்விடுமோ என்று பயம். சுத்தமாகிவிட்டது, ஓட்டலாம் என்று சொன்னேன்.

இரண்டாவது பிளேடு நன்றாகத்தான் இறங்கியது. பலகை ஒன்று, இரண்டு என்று உரிந்து வந்தது. மூன்றாவதில், ஆள் உயரத் தூரம்கூடப் போகவில்லை, வானம் கிழிந்த மாதிரி ஒரு சத்தம். அறுந்த பிளேடு சுருண்டு அடித்தது. சின்னத்தா தகர மூடி ஒன்று மாட்டியிருந்ததால் எல்லாரும் பிழைத்தோம்.

உளியால் கொத்திப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்குத் தடித்த ஆணி. பட்டைக்கு வெகு ஆழத்தில், தலைவரை இறங்கியிருந்தது. அதைச் சுற்றி மரம் மை கொட்டிய மாதிரி கறுத்திருந்தது. ஊர் ஆட்கள் இரண்டு பேரும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு எட்டப் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

அது போஸ்டர் ஆணி இல்லை, பேய் ஆணி. பேய் பிடித்தது என்று சொல்லப்பட்ட பெண்ணை மரத்தோடு சாய்த்து நிறுத்தி, உச்சி முடியில் ஒரு கொத்தை மரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். பிறகு முடியை அறுத்துவிட்டால் பேய் மரத்தோடு நின்றுவிடும், பெண் வீட்டுக்குப் போவாள். அந்த மரத்தில் இப்படி எத்தனை ஆணி, எங்கெங்கே என்று சின்னத்தா ஊருக்குள் போய் விசாரித்தார். தன் வீட்டுப் பெண்ணுக்கு அடித்தது என்று எவர் வாயால் சொல்வார்? எங்க ஊரில் யாருக்கும் பேய் பிடித்ததே கிடையாதுங்களே என்று ஒவ்வொரு வாசலிலும் சத்தியம் செய்தார்கள்.

செய்தி எப்படித்தான் போயிற்றோ, மத்தியானம் அத்தா வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் தூசி படாமல் ஒதுங்கி நின்று, அறுந்து கிடந்த பிளேடைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

“போதும்பா. டிராக்டர்ல ஏத்து. நாளைக்கே எடைக்குப் போட்டுடலாம்.”

“இன்னும் ஒரு பிளேடு இருக்குண்ணே.”

“அதையும் ஒடச்சிட்டு வர்றியா? மரத்த யாரு சோதிச்சது?”

நான்தான் என்று நானே சொன்னேன்.

“பாத்தியா? ஒம்போது வயசுப் பொண்ணு தடவிப் பாத்துச் சொல்லுச்சாம், இவன் மெஷின ஓட்டுனானாம். ஒன்னால ரெண்டு ஆளு செத்திருப்பாங்க இன்னிக்கு, தெரியுமா?”

கடைசிப் பாதி என்னைப் பார்த்துச் சொன்னது. காந்தம் தயங்கிய இடம் எனக்கு ஞாபகம் வந்தது. சரியாக அதே இடம். அழுகை பொங்கிவிட்டது. விக்கலும் சேர்ந்துகொண்டது. என்னால்தான் சின்னத்தா ப்ளேன் ஏறப் போகிறார் என்று அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

“பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க பெரிய பாய்.”

அக்காதான். கல்லைப் போட்டுவிட்டு முதல் தடவையாக மரத்தின் பக்கம் வந்து நின்றது.

“காந்தத்துக்கெல்லாம் ஆப்புடாது பாய், அம்மாந்தூரம் எறங்கியிருக்கும். ஆனா இதுல இருக்கற பேயாணி பூரா ஒரே ஒசரத்துலதான் இருக்கும். பொம்பளைங்க தல வர்ற ஒசரம். அந்த எடத்த மட்டும் துண்டு போட்டு எடுத்துட்டீங்கன்னா மிச்ச மரம் சுத்தம்.”

“ஒனக்கு எப்டிம்மா தெரியும்?” என்றார் சின்னத்தா.

அக்கா தன் புருஷனைப் பார்க்கவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னது.

“என்னுதும் ஒண்ணு இதுல இருக்குது பாய். கண்ணாலத்துக்கு முன்னாடி. மூணு மாசம் வாயே தொறக்கல நானு. பேசாத கெடந்தன். பேயின்னு இட்டாந்து நிக்க வெச்சாங்க.”

அத்தா தலையைக் குனிந்துகொண்டார். அக்காவின் புருஷன் கையில் இருந்த குறடை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். அவருக்கு இது அன்றைக்குத்தான் தெரியும் என்பது எனக்கே புரிந்தது.

சின்னத்தா டேப்பை எடுத்து மரத்தின் அடிமுனையிலிருந்து அளக்கத் தொடங்கினார். அளந்துகொண்டிருக்கும்போதே, அதுவரை வாய் திறக்காத அந்தப் புருஷன் பேசினார்.

“அங்கேர்ந்து அளக்காதீங்க பாய். அடிக்கட்ட முட்டி ஒசரத்துக்கு மண்ணுலயே நிக்குது. அத்தயும் சேக்கணும்.”

உண்மைதான். மறியலில் வெட்டியவர்கள் குனிந்து வெட்டச் சோம்பல்பட்டு, முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டுவிட்டிருந்தார்கள். சின்னத்தா டேப்பை மடித்து, கூட்டிக் கழித்துக் குழம்பிக்கொண்டிருந்தார். அக்கா அதற்குள் அடிக்கட்டையோடு ஒட்டி நின்று, அது தன் காலில் எதுவரை வருகிறது என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டது. பிறகு வெட்டுண்டு கிடந்த மரத்துக்கு வந்து, வெட்டுமுனைக்கு நேராக முழங்கால் இருக்கும்படி, மரத்தை ஒட்டித் தரையில் நீட்டி மல்லாந்து படுத்தது.

“தோ, என் தல இருக்கற எடத்துல கோடு போடுங்க. அப்ப ஒரு நாலு வெரலு கம்மியா இருந்திருப்பன்.”

சின்னத்தாவுக்குக் கை வரவில்லை. அக்காவின் புருஷன்தான் போய்ச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து வந்தார். பெண்டாட்டியின் தலைமாட்டில் குந்தி, மரத்தில் ஒரு கோடு போட்டார். அதற்கு மேலே ஒரு முழம், கீழே ஒரு முழம் விட்டு இன்னும் இரண்டு கோடு போட்டார். அப்புறம் அக்காவின் முடியில் ஒட்டியிருந்த புளியஞ் சிராயை எடுத்துப் போட்டார்.

எனக்கு அழுகை நின்று போயிருந்தது. ஒரு பெரிய மனுஷி பட்டப்பகலில் ரோட்டோரம் படுத்துக்கொண்டு மரத்தை அளப்பது எவ்வளவு பெரிய வேடிக்கை! நானும் ஓடிப் போய், வெட்டுமுனைக்கு நேரே முழங்காலை வைத்து, அக்கா பக்கத்தில் படுத்துக்கொண்டேன். என் தலைக்கும் ஒரு கோடு போடச் சொல்லிக் கத்தினேன்.

அக்கா வெடுக்கென்று எழுந்து, என் கையைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தியது. கை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். என் முதுகு மண்ணைத் தட்டுகிறேன் என்று நாலு சாத்து சாத்தியது.

“ஒன் ஒசரத்த இங்க யாரு கேட்டா? எழுந்து அப்பால போ!”

ஒருநாளும் என்னை அதட்டாத அக்கா. எல்லார் முன்னாலும் அடித்துவிட்டதே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டிராக்டர் நிழலில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதனால் நடந்தவற்றில் பாதியை ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். அக்காவும் புருஷனும் ஆளுக்கொரு முனை பிடித்து, பெரிய இழுப்பு ரம்பத்தால் அந்தத் துண்டை அறுத்தெடுத்தார்கள். ஊர் ஆட்களும் எழுந்து வந்து தோள் கொடுத்தார்கள். துண்டைப் பிளந்து பார்த்தபோது, மை மாதிரி கறுத்த வளையங்களுக்கு நடுவே ஆணிகள், எல்லாம் ஒரு முழத்துக்குள். அக்கா எட்டிப் பார்த்தது. எது தன்னுடையது என்று தேடியதோ என்னவோ, எதையும் தொடவில்லை.

கடைசிப் பிளேடை மாட்டினார்கள். சின்னத்தா பிஸ்மில்லா சொல்லி இன்ஜினைக் கிளப்பினார். குளுக்கோஸ் சொட்டியது. பிளேடு மரத்துக்குள் இறங்கி, ஒரே சீரான சத்தத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய் வெளியே வந்தது. காபிக்கொட்டை நிறத்தில் பலகை. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. நாலாவது பலகைக்கு அத்தா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, தள்ளுடா தள்ளு என்று தானும் மில்லைத் தள்ளினார். வெள்ளைச் சட்டை மரத்தூளில் செம்மண் நிறமாகிவிட்டது. வீட்டுக்குப் போனதும் அம்மா திட்டுவார்களே என்ற பயமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ரோஷம் மறந்துபோய் நானும் எழுந்து குதித்தேன். என் சின்னத்தா எங்கேயும் போக மாட்டார்!

போகவில்லைதான். மழைக்கு முன்னால் பலகைகள் வெள்ளிமலைக்கு ஏறின, ஓடைக்கு மேலே படுத்தன. சின்னத்தாவின் மில் அதற்குப் பிறகு அந்த மலை முழுக்க அலைந்தது. பாஸ்போர்ட்டை அம்மா அரிசிப் பானைக்கு அடியில் போட்டு வைத்திருந்தார்கள், பிறகு அதை யாரும் தேடவே இல்லை.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு ஒரு குறை இருந்தது. டிராக்டரில் எல்லாருக்கும் இடம் இருந்தது. சின்னத்தா எத்தனையோ சொல்லிப் பார்த்தார், அத்தாகூடக் கூப்பிட்டார். அக்காவும் புருஷனும் ஏறவில்லை, முன்னால் போங்க பாய், நாங்க நடந்து வந்துடுறோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் இருப்பதால்தான் அக்கா ஏறவில்லை, அடித்ததோடு கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டிராக்டர் நகர்ந்தது. நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் சாலையோரமாக நடந்து வந்தார்கள். மரங்கள் போய்விட்டதால் வெகு தூரம்வரை அவர்களைப் பார்க்க முடிந்தது. அக்கா பேசிக்கொண்டே வந்தது. கையை ஆட்டி ஆட்டிப் பேசியது, நடுவில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது, மறுபடி பேசியது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நடந்தார். அக்கா நின்றால் அவரும் நின்றார், அது நடந்தால் அவரும் நடந்தார். என்னைப் பற்றித்தான் புகார் சொல்கிறது என்று நான் நிச்சயமாக நம்பினேன். ஒரு சின்னப் பெண் மண்ணில் படுத்ததைப் பற்றி ஒருத்தி இவ்வளவு நேரம் பேசுவாளா என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.